கடதாசித் தம்பியும் பெரெனிக்கே ராணியும்

அண்ணை, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான் நம்பவில்லை. இன்று காலை கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். பிறந்து மூன்று நாளான உங்கள் பேத்தி, தலை நிறையக் கருகருவென்ற முடியோடு, ஆஸ்பத்திரித் துவாய்க்குள் முழித்துக்கொண்டு கிடக்கிறாள். மூக்கு உங்களுடையது. முகத்திலிருக்கும் கோபம் நடேசு அண்ணையுடையது. பெண்பிள்ளைதான் பிறக்கும் என்றும் நான் சொல்லியிருந்தேன்; டாக்டருக்கே அது பிறகுதான் தெரியவந்தது.

படத்தை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். பார்த்தால் இரண்டு கோப்பை எடுத்திருக்கிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கைக்கு இன்னும் அது விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் சொன்னால் அது இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

கிழக்கு பெர்லினில் வந்து இறங்கும்வரை நீங்களும் நடேசு அண்ணையும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. நீங்கள் சாவகச்சேரி, அவர் பருத்தித்துறை. ரயிலில் ஒரு பாணைப் பாதியாகப் பிய்த்துத் தின்றதுதான் உங்கள் உறவு. சகோதரர்கள் என்றால் ஒரே ஊருக்கு அனுப்புவார்கள், தனி ஆட்கள் என்றால் ஆளுக்கொரு மூலைதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அகதி விசாரணையில் நடேசு அண்ணை உங்கள் தகப்பன் பெயரைத் தன் தகப்பன் பெயராகச் சொல்லிவிட்டார். அதிகாரி எழுதினார், முத்திரை குத்தினார், நீங்கள் அண்ணன், அவர் தம்பி. அகதிகள் விடுதியில் உங்களுக்கு ஒரே அறை. அடுத்த அறை என்னுடையது. உண்மை தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான். என்னிடம் எதையும் மறைத்து வைத்திருக்க யாராலும் முடிந்ததில்லை.

பிறகு வந்த சனமெல்லாம் உங்களைப் பெரியண்ணை என்றது, அவரைச் சின்னண்ணை என்றது. குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகும் அதை மாற்ற ஏலவில்லை. மாற்றினால் விண்ணப்பத்தில் பொய் எழுதியதாகிவிடும். இரண்டு வீட்டுக்கும் விசா போய்விடும். வீட்டுக்குள் எல்லோருக்கும் உண்மை தெரியும். வாசலைத் தாண்டினால் நடேசு அண்ணையின் மகள் சுகந்தி உங்களைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும்.

நாம் இருவரும் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்த காலம் ஞாபகம் இருக்கிறதா? திறப்பதற்கு முன் மூன்று மணித்தியாலம். உங்களுக்குத் தரை, எனக்குக் கண்ணாடி. அந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே அங்கிருந்த கிரேக்கச் சாமான்கள் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டது நல்லதாகப் போயிற்று. மூளையில் இடம் காலியாக இருந்தது. கிரேக்க அறைக் காவலுக்கு இருந்த கிழவியம்மா பாதி சொல்லுவா, மீதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கக் காசொன்றிலிருந்த முகத்தைப் பார்த்து நானே விளங்கிக்கொள்ளுவேன். முக்காடு போட்ட முகம், கொழுத்த கன்னம், பெரிய கண். எகிப்து ராணி பெரெனிக்கே.

தினமும் உங்களுக்கு அவள் கதையைச் சொன்னேன். கடலோர நாடொன்றின் ராசா மகள். எகிப்து இளவரசனுக்கென்று தகப்பன் பேசி வைத்த பெண். தகப்பன் கண்ணை மூடியதும் தாய்க்காரி அந்தச் சம்பந்தத்தை முறித்து, வேறு தேசத்திலிருந்து அழகான மாப்பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டாள். வந்தவன் மகளை விட்டுவிட்டுத் தாயோடு படுத்தான். பெரெனிக்கே அவனைத் தாயின் கட்டிலிலேயே கொல்லுவித்தாள், தாயின் மேல் கை வைக்க விடவில்லை. பிறகு போய்த் தகப்பன் பேசியவனையே கட்டினாள்.

“டேய்,” என்று துடைப்பத்தில் நாடியை ஊன்றிக்கொண்டு சொல்லுவீர்கள், “உள்ளதைச் சொல்லு. மிச்சத்தை நான் யோசிச்சுக்கொள்ளுறன்.”

ஒருநாள் நீங்கள் துடைப்பத்தைத் தொடவே இல்லை. வாளி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

“ரமணன் கலியாணம் கட்டப்போறானாம்,” என்றீர்கள்.

“சுகந்தியைத்தானே?”

“உனக்கு ஆரடா சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்.”

அன்றுதான் தெரியும், அண்ணை. ஆனால் உங்கள் மகன் ரமணனின் முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

ஊருக்கு முன்னால் அவர்கள் அண்ணனும் தங்கையும். பெரியப்பா மகன், சித்தப்பா மகள். வெள்ளைக்காரனுக்கு அது ஒரு விசயமே இல்லை. பதிவு அலுவலகத்தில் டெர்மின் என்று ஒரு நாள் குறித்துக் கொடுத்து, கை குலுக்கி அனுப்பிவிடுவான். நமது சனம் விடுமா? தாலி எடுத்துக் கொடுக்க ஐயர் வேண்டும், வாழ்த்த நாலு பேர் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க முறைகெட்டவர்கள். உண்மையைச் சொன்னால் விசா இல்லை. சொல்லாவிட்டால் கலியாணம் இல்லை.

தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாம் வெள்ளிக்கிழமைப் பூசை வைப்போமே, அங்கேதான் பேச்சு நடந்தது. ஐயர் முன்னால். பின்வரிசையில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கும் மனிதர், தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிக்கொண்டு. அவர் காதில் விழுந்தால் அலுவலகத்தில் விழுந்த மாதிரி என்று நாம் எல்லோரும் பயந்த காலம்.

பரமேஸ் அக்கா எழும்பினா. எந்த வீட்டு நல்லது கெட்டதிலும் முதல் சத்தம் அவவுடையதுதான்.

“பெரியப்பன்ர பெடியனுக்கும் சித்தப்பன்ர பெட்டைக்கும் கலியாணமோ? ஜெர்மனிக் குளிருக்குள்ள முறையும் விறைச்சுப்போச்சோ?”

ஐயர் தலையை ஆட்டினார். “கோவிக்காதேங்கோ. அண்ணன் தங்கைச்சிக்குத் தாலி எடுத்துக் குடுக்க என்னால ஏலாது.”

நீங்கள் தரையைப் பார்த்தபடி நின்றீர்கள். நடேசு அண்ணை வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகத் தொண்டைக்குள் இருந்தது அது. பருத்தித்துறையில் அவருடைய தகப்பன் செத்த செய்தி வந்த அன்று, வேலையிடத்தில் ஒரு நாள் லீவு கேட்க அவரால் முடியவில்லை. கடதாசிப்படி அவருடைய தகப்பன் வேறு ஆள், அதுவும் எப்போதோ செத்தவர். அழாமல் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து நீங்கள் அவர் முகத்தை நேரே பார்த்ததில்லை.

அவர் பேசுவதற்குள் நான் எழும்பிவிட்டேன்.

“ஐயா, ஒரு ராணியின்ர கதை சொல்லட்டோ?”

“தொடங்கீட்டுது,” என்றா பரமேஸ் அக்கா. “தம்பி, இது கலியாணக் கதை. உன்ர மியூசியக் கதை இல்லை.”

“இதுவும் கலியாணக் கதைதான் அக்கா, இருங்கோ.”

சொன்னேன். பெரெனிக்கே கட்டினது ஆரை? சித்தப்பன் மகனை. உலகம் முழுக்க அவளுடைய தகப்பனையும் மாப்பிள்ளையின் தகப்பனையும் சகோதரர் என்றுதான் எழுதி வைத்திருந்தது. ஆனால் பிறப்பால் அவர்கள் சகோதரர் இல்லை. ராணியின் தகப்பன் உயிருக்குத் தப்பி எகிப்துக்கு ஓடி வந்தவன். வெளியாள் என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று, அரண்மனை எழுத்துக்காரன் நாணல் தாளில் அவனை இளவரசனுடைய சகோதரன் என்று பதிந்துவிட்டான். தாளில் ஏறினது ஏறினதுதான். அதனால் அந்தக் கலியாணம் முறை தவறவில்லை. புருசன் சண்டைக்குப் போனபோது, அவன் உயிரோடு திரும்பினால் முடியைத் தருகிறேன் என்று அவள் நேர்த்தி வைத்தாள். திரும்பினான். வெட்டிக் கோயிலில் வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் முடி இல்லை. வானத்தில் நட்சத்திரமாக ஏறிவிட்டது என்றார்கள். இன்றைக்கும் இருக்கிறது. முறை தவறியவளுடைய முடியைத் தெய்வம் எடுக்குமோ?

ஐயர் மெதுவாகக் கேட்டார். “அப்ப அந்த ரெண்டு தகப்பன்மாருக்கும் ரத்த உறவு...”

“ஒரு துளியும் இல்லை ஐயா. ஆபத்துக்கு எழுதின உறவு.”

பரமேஸ் அக்கா உங்களைப் பார்த்தா. நெடுத்த கறுத்த ஆள். நடேசு அண்ணையைப் பார்த்தா. கட்டையான வெள்ளை ஆள்.

“நானும் யோசிச்சனான், ரெண்டு பேருக்கும் ஒரு சாடையும் இல்லையெண்டு,” என்று தொடங்கியவ, பின்வரிசையைக் கண்டதும் குரலை மாற்றினா. “அந்தப் பழைய ராசாக்களைச் சொல்லுறன்!”

எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கரண்டியை எடுத்து வைத்தார்.

“அது சரியான பழைய கேஸ்,” என்றார். “கோப்பெல்லாம் எப்பவோ எரிஞ்சிருக்கும்.”

ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்தார். “தையில நாள் பாப்பம்.”

கலியாண வீடியோவில் மாப்பிள்ளையை விட நான் அதிக நேரம் வருகிறேன். எண்ணிப் பார்த்துச் சொல்லுகிறேன். தாரை வார்க்கும்போது நடேசு அண்ணையின் கையை நீங்கள் பிடித்தீர்கள், விடவில்லை. கடைசிக் காலத்தில் அந்த ராணியை அவள் பெற்ற மகனே கொல்லுவித்தான் என்பதை நான் மண்டபத்தில் சொல்லவில்லை. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தவன் நான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். மூக்கில் குழாய். குரல் பாதி.

“டேய், அந்த ராணியின்ர தகப்பன் உண்மையாவே கடதாசிச் சகோதரனோ? உள்ளதைச் சொல்லு.”

“சத்தியமா அண்ணை. காசுக்குப் பக்கத்துத் தகட்டில எழுதியிருக்கு, நான் எத்தினை தரம் துடைச்சனான்.”

“அப்ப ராச வீட்டிலயும் நடந்திருக்கு,” என்றீர்கள். “அப்ப என்ர தகப்பன்ர பேரை நான் அவனுக்குக் குடுத்தது அவ்வளவு பெரிய பாவமில்லை.” கண்ணை மூடினீர்கள். நான் கண்ட அளவில், விடுதிக் காலத்துக்குப் பிறகு நீங்கள் அப்படி நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

அந்த முகத்தைத்தான் நான் இன்னும் கொண்டு திரிகிறேன். என்னுடைய கதைகளில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்று யாருக்கும் சத்தியம் செய்வேன், உங்களுக்கு மட்டும் இனி ஏலாது. நாணல் தாளும் எழுத்துக்காரனும் அந்த மண்டபத்தில் நான் எழும்பி நின்றபோது வாயில் வந்தவை. தகட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அந்தத் தகப்பன்மார் இருவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள், அண்ணை. வெறும் கடதாசியில் எழுதிவிட்டுக் கடைசிவரை சகோதரராக இருந்தவர்கள் என்று நான் அறிந்தது உங்கள் இருவரை மட்டும்தான்.