பாதி மஞ்சள் இலை

24 பெப்ரவரி, செவ்வாய்

வறண்ட குளிர். மூன்று கிழமையாக மழை இல்லை. கிழக்குக் காற்று காதை அறுக்கிறது. நோர்பரியிலிருந்து இரண்டு பஸ், பிறகு ஏற்றம். முழங்கால் பரவாயில்லை.

இன்று செய்தவை: வேலிக்கம்பி கட்டினேன். வெங்காயப் பாத்தி கிண்டினேன். சாம்பல் இரண்டு வாளி.

(நான் சொல்ல போன் எழுதுகிறது. மகள் குமுதா பழக்கிவிட்டாள். எழுதியதை எனக்கு வாசிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுதான், கூச்சம் இல்லை.)

இந்தத் தோட்டக் காணி கைக்கு வந்தது பெரிய காற்று அடித்து லண்டன் மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்த வருடம். அதே மாதம்தான் ஊரில் இந்தியன் ஆமி அடிபடத் தொடங்கியது. கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். கனகர், சிவபாதம், குட்டித்தம்பி, நான், மற்றது மன்னாரான். அவனுடைய பெயரை இனி வாயில் எடுப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான். ஒலிம்பிக் நடந்த வருடம் சொன்னது. இன்றுவரை எடுக்கவில்லை.

காரணம் தெரிந்ததே. பக்கத்துக் காணிக்காரன். என் போஞ்சி மஞ்சளாகத் தொடங்கிய கோடையில் அதற்கு நஞ்சு ஊற்றினான். விடிய ஐந்தரை மணி, நான் கண்ணால் கண்டேன். அன்று அவன் போட்டிருந்தது நீலத் தொப்பி.

போஞ்சி, மிளகாய், பூசணி, மூன்றும் இன்றைக்கும் மஞ்சள்தான். நரம்பு மட்டும் பச்சை. பதினாலு வருடமாக நஞ்சு மண்ணை விட்டுப் போகவில்லை.

25 பெப்ரவரி, புதன்

அதே காற்று. வேலிக்கு அப்பால் புல்வெளிச் சரிவில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயது இருக்கும், இடுப்பளவு குழி வெட்டி அதற்குள் நிற்கிறார். பெயர் ஹெலன். மண் படிக்கிறவராம். ஆடு மாடு மேய்ந்த புல்வெளி, ஒருநாளும் உழாதது, அதனால்தான் இங்கே வெட்டினாராம். எனக்கு இங்கிலீஷ் பேச்சு ஓடும், எழுத்துத்தான் ஓடாது.

குழியின் பக்கத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலமும் மேலே நின்று கொத்தினேன், ஒருநாளும் பக்கவாட்டில் பார்த்ததில்லை.

மேலே புல் வேர், பாய் மாதிரி. கீழே ஒரு சாண் கறுப்பு மண், பிட்டு மாதிரி உதிர்கிறது. எச்சில் தொட்டு உருட்டினேன். திரி வருகிறது, வளைத்தால் உடைகிறது. களியும் இல்லை, மணலும் இல்லை, நடுத்தரம். அதற்குக் கீழே மங்கிய மண், அரிசிக் குறுணல் போல வெள்ளைப் பொட்டுகள், நத்தை ஓடு. அடியில் சுத்த வெள்ளைச் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பூசலாம்.

ஹெலன் ஒரு சின்னப் போத்தலில் இருந்து அமிலம் ஒரு துளி விட்டார். மேல் மண் முணுமுணுத்தது. கீழ் மண் சோடா உடைத்த மாதிரிப் பொங்கியது. என் சாப்பாட்டுப் பெட்டியில் தேசிக்காய்ப் பாதி இருந்தது. பிழிந்தேன். அதற்கும் நுரைத்தது. ஹெலன் கைதட்டிச் சிரித்தார்.

மழை குறைவு, அதனால் சுண்ணாம்பு கழுவுப்பட்டுப் போகாது. குளிர் கூடுதல், அதனால் வேர் லேசில் உக்காது, மண் கறுக்கும். புல்லுக்கு இந்த மண் சொர்க்கம் என்றார். உன் தோட்டமும் இதே மண்தான் என்றார்.

ஊரில் எங்களுக்கும் அடியில் சுண்ணாம்புக் கல்தான். ஆனால் மேலே செம்மண். மாரி மழை கழுவிக் கழுவி விட்ட மண். அதற்குச் சாம்பல் போட்டால் மிளகாய் சிரிக்கும்.

மஞ்சள் இலையைப் பற்றிக் கேட்டேன். நஞ்சோ என்றேன்.

இல்லை என்றார். மண்ணில் இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது, செடியால் எடுக்க ஏலாது. பிறகு கேட்டார், நீ என்ன போடுகிறாய்?

சாம்பல் என்றேன். முன்பு குதிரை எரு. லாயம் மூடிய பிறகு பிட்சாக் கடை விறகுச் சாம்பல். வருடத்துக்கு நாற்பது வாளி.

ஹெலன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சாம்பலும் சுண்ணாம்பின் தம்பிதான் என்றார் பிறகு.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

26 பெப்ரவரி, வியாழன்

நித்திரை இல்லை. அப்படியென்றால் அவன் ஊற்றியது என்ன?

கொட்டிலின் மேல்தட்டில் அந்தக் கான் இருக்கிறது, அன்று அவன் ஊற்றிய பிளாஸ்டிக் போத்தல். அவனுடைய கையில் இருந்து பறித்தது. சாட்சிக்கு வைத்திருந்தேன். படத்தில் ஒரு இலை, பாதி மஞ்சள், பாதி பச்சை. பச்சை இலையை மஞ்சளாக்கும் மருந்து என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். எழுத்து எதற்கு, படம் போதாதா.

அன்று நடந்த பேச்சு ஒரு சொல் தவறாமல் நினைவிருக்கிறது.

"உன்ரை சாம்பல்தான்ரா பயிரைக் கொல்லுது! இது மருந்து!"

"நஞ்சை ஊத்திப்போட்டு மருந்தெண்டுறியோ?"

"அப்ப கொண்டுபோய் வாசிக்கத் தெரிஞ்சவனிட்டைக் காட்டு!"

அந்தக் கடைசிச் சொல். சண்டை இழுபட, தோட்டத்துக்கு வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்காகவே ஒருவனிடமும் காட்டவில்லை. நஞ்சூற்றி என்று கடை கடையாகச் சொன்னேன். அடுத்த மாதமே அவன் காணியை விட்டுவிட்டு செவன் கிங்ஸில் மகளோடு போயிருந்தான்.

இன்று கானைத் துடைத்து ஹெலனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டார்.

"இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளாகும் செடிகளுக்கு."

படம்?

ஊற்ற முன் மஞ்சள். ஊற்றிய பின் பச்சை.

இன்னொரு தடவை வாசியுங்கள் என்றேன். வாசித்தார். குழி ஓரத்தில் குந்திவிட்டேன். அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. நெஞ்சில் ஏதோ கழன்ற மாதிரி, இறுக்கிய சப்பாத்தைக் கழற்றிய மாதிரி. அவன் கெட்டவன் இல்லை. ஒரு கெட்டவனோடு ஒரே பாயில் படுத்தேனே என்று பதினாலு வருடம் மனம் புழுங்கினேனே, அது இல்லை.

தன் மருந்தை, என் பாத்திக்கு, நான் வர முன்னம் ஊற்றியிருக்கிறான். கேட்டால் விடமாட்டேன் என்று தெரிந்து.

27 பெப்ரவரி, வெள்ளி

சாம்பல் இல்லை. தோட்டம் இல்லை. போன்.

குமுதா: "அப்பா, பதினாலு வருசம்! ஒருக்கால் வாசிக்கச் சொல்லி என்னட்டைத் தந்திருக்கலாமே?"

"உனக்கும் அவன்ரை பக்கம் சாய்வு எண்டு நினைச்சன்."

"நல்லாயிருக்கு உங்கடை நினைப்பு."

அவனுடைய நம்பர் ஒருவரிடமும் இல்லை. மன்னார்ச் சனம் பூசைக்குப் போகும் மாதா கோயில் ஆள் ஒருவரைப் பிடித்தோம். அவர் சொன்னார்: "செவன் கிங்ஸ் மன்னார் ஐயா ஒராள் கார்த்திகையிலை மோசம் போயிட்டார். பேர் மறந்துபோச்சு."

செத்தது அவனோ? சாப்பிடவில்லை. கனகர் போனது கொரோனாவில். சிவபாதம் அதற்கு முதல் வருடம், டொரன்டோவில். குட்டித்தம்பி நித்திரையில். இவனும் என்றால் இதை யாரிடம் சொல்வது?

28, சனி

குமுதா விடாமல் போன் அடித்தாள். பின்னேரம் விலாசம் கிடைத்தது. ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது, வீடு அதுதான். நாளைக்குப் போறன்.

1 மார்ச், ஞாயிறு

ரயில் மாறி ரயில். பையில் கான். மழை தூறத் தொடங்கியது, நாலு கிழமைக்குப் பிறகு.

மணி அடித்தேன். உள்ளே கைத்தடிச் சத்தம். தடி எங்கே ஊன்றுகிறது என்பதை வைத்தே வலக்காலில் நோவு என்று விளங்கியது. கதவு திறந்தது. பல் இல்லை. நீலத் தொப்பி, வேறொன்று.

உற்றுப் பார்த்தான்.

"ஆரது? சாம்பல் சாமியாரோ?"

கானை நீட்டினேன்.

"ஓகோ. வாசிக்கத் தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கப் பதினாலு வருசம் எடுத்ததோ?"

"ஓம்," என்றேன். "பிழை என்ரைதான்ரா. முழுக்க என்ரை."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, மெல்ல: "அந்த வாசிப்புக் கதையை நான் கதைச்சிருக்கப்படாது. வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் எனக்கும் நித்திரையைக் கெடுத்தது."

"செத்துப்போனாய் எண்டு சொன்னாங்கள்."

"அது மேல் தெரு அந்தோனி. பாவம். உள்ளை வா, நனையாதை. எத்தினை வாளி போட்டனீ?"

"வருசத்துக்கு நாப்பது."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

தேத்தண்ணி. மீன் ரொட்டி. மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சித்திரையில் என்னோடு தோட்டத்துக்கு வருவான். நான் கொத்த, அவன் கதிரையில் இருந்து இரும்பு ஊற்றுவான்.

எழும்பும்போது தடியால் வழியை மறித்தான்.

"என்ரை பேர் சொல்லமாட்டன் எண்டனியாம். இப்ப சொல்லு பாப்பம்."

ஐந்து பேர். கனகர் இல்லை. சிவபாதம் இல்லை. குட்டித்தம்பி இல்லை. என்னை விட்டால் இருப்பவன் ஒருவன்.

மரியநாயகம்.