கைதட்டு மேஸ்திரியின் மகள்

வியன்னா, ஃபவோரிட்டன்
1900, சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு

அன்பு மகள் மீலாவுக்கு அப்பா வென்ட்செல் ப்ரொகேஷ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. அது மழை வருவதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவதால் அதையும் சுகத்தோடு சேர்த்துக்கொண்டோம். லெம்பெர்க்கில் உன் நெஞ்சும் தொண்டையும் எப்படி இருக்கின்றன, அறையில் கணப்பு ஒழுங்காக எரிகிறதா என்று எழுது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஈஸ்டர் கழிந்த வாரம் நம் தியேட்டருக்கு விருந்துப் பாடகியாக வருகிறாய் என்று படித்ததும் அம்மா இஸ்திரிப் பெட்டியை சலவைக்கு வந்த ஸைடல் சீமாட்டியின் பாவாடைமேலேயே வைத்துவிட்டு அழுதாள். பாவாடை தீய்ந்துவிட்டது, ஆனால் இப்போது இடுப்பில்லாத கவுன்தான் நாகரிகம் என்பதால் சீமாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. அப்புறம் கடிதத்தின் அடுத்த பக்கத்தை அம்மா சத்தமாக வாசித்தாள், அதாவது நான் உனக்குக் கைதட்டக் கூடாது, என் ஆட்களும் தட்டக் கூடாது என்று நீ எழுதிய பக்கத்தை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது தெரிந்தும் இரண்டாம் தடவையும் வாசித்தாள். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. உன் முதல் கச்சேரியில், மாதா கோயில் மண்டபத்தில் ஜனங்கள் ஆரவாரம் செய்தபோது உன் முகம் எப்படி மலர்ந்தது, பின்வரிசையில் என் கைதட்டுப் பையன்களைப் பார்த்ததும் எப்படி வாடியது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் உன் அப்பனைத் தெரியாத ஊருக்குப் போய்ப் பாடுகிறேன் என்றாய், போனாய், உன் தொண்டையாலேயே பேர் வாங்கினாய்.

ஆனால் நீ ரயிலுக்குச் சீட்டு வாங்குமுன் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், அம்மா அதை மறைக்கச் சொல்கிறாள், எனக்கு மறைக்க வரவில்லை. நீ பாடும் அன்று சீட்டியடித்து, கூச்சல் போட்டு உன்னை மேடையிலிருந்து விரட்ட ஆள் ஏற்பாடாகியிருக்கிறது. அந்த ஆட்கள் எல்லாம் என்னிடம் தொழில் படித்தவர்கள். இது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தச்சுக்கு மேஸ்திரி உண்டு, கொத்து வேலைக்கு மேஸ்திரி உண்டு, கைதட்டுவதற்கும் மேஸ்திரி உண்டு என்று சொன்னால் லெம்பெர்க்கில் சிரிக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். முப்பது வருஷம் தியேட்டரின் மூன்றாம் மாடியில் நின்று, எந்த இடத்தில் நாலு பேர் தட்டினால் கீழே நானூறு பேர் தாங்களே ரசித்ததாக நினைத்துக்கொண்டு சேர்ந்து தட்டுவார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். பாடகர்கள் முகம் கோணாமல் காசு கொடுத்தார்கள். அப்புறம்தான் புது டைரக்டர் வந்தார், கலை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார், எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். கலை சுத்தமாகிவிட்டது, நாங்கள் அரசியலுக்குப் போனோம். நம் வட்டாரத்து மெழுகுவர்த்திக்காரர் ட்ராக்ஸ்லரை உனக்கு ஞாபகமிருக்கும், சோப்பு வாசனையோடு தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருவாரே, அவர்தான். காஸ் விளக்கு வந்து வியாபாரத்தைப் பாதி தின்றது, மின்சார விளக்கு வந்து மீதியைத் தின்றது. மனுஷன் நகரசபைத் தேர்தலுக்கு நின்றார். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, “ப்ரொகேஷ், நான் பேசினா என் பொண்டாட்டியே கொட்டாவி விடறா. நீர்தான் ஏதாவது பண்ணணும்” என்றார். நானும் பாட்டுக்குக் குறி போடுவது போல அவர் பேச்சுக்குக் குறி போட்டேன். எங்கே கைதட்டு வேண்டுமோ அங்கே அவர் கைக்குட்டையை வெளியே எடுக்க வேண்டும், எடுத்ததும் பையன்கள் தட்ட வேண்டும், இவ்வளவுதான் ஏற்பாடு. கூட்டத்தன்று பார்த்தால் ட்ராக்ஸ்லருக்கு ஜலதோஷம். ஆள் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கும்போதெல்லாம் மண்டபம் அதிர்ந்தது. ஒரு தடவை தும்மினார், அதற்கு மட்டும் நிற்காமல் தட்டினார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பத்திரிகையில், உழைப்பாளிகளின் துயரத்தைச் சொல்லும்போது வேட்பாளர் கண்ணீரை அடக்க முடியாமல் தவித்தார் என்று வந்தது. அன்றிலிருந்து ட்ராக்ஸ்லர் பெரிய மனிதர்.

அதற்கப்புறம் எங்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது, மீலா. காசு வாங்காதவர்கள் எங்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். மெழுகுவர்த்தி விற்காததற்கு யார் காரணம் என்று ட்ராக்ஸ்லர் பேச ஆரம்பித்தார். முதலில் காஸ் கம்பெனி என்றார், லேசாகத் தட்டினார்கள். யூத வியாபாரிகள் என்றார், எழுந்து நின்று தட்டினார்கள். பொஹீமியாவிலிருந்து செங்கல் சுடவும் துணி துவைக்கவும் வந்து குவிகிற செக் ஜனங்கள் என்றார், நாற்காலிகளின்மேல் ஏறினார்கள். ஏறியவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலவே பொஹீமியாவிலிருந்து செங்கல் சுட வந்தவர்கள்தான். ட்ராக்ஸ்லரின் தாயாரே பொஹீமியாவில் புட்வைஸ் பக்கத்து ஊர், கடைசி வரை ஜெர்மனில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசத் தெரியாது, நம் அம்மாவிடம்தான் வந்து செக் மொழியில் ஊர்க்கதை பேசுவாள். நானும் தட்டினேன், அதை உன்னிடம் மறைப்பானேன், தட்டுவது என் பிழைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, “உன்னைத் திட்டினதுக்கு நீயே தட்டினியா? அப்படின்னா நாளைக்கு நான் திட்டறேன், அதுக்கும் தட்டு” என்றாள்.

பேச்சு கேட்டு அலுத்ததும் ட்ராக்ஸ்லரின் ஆட்கள் கச்சேரிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஜனவரியில் ரோஸ்னர் என்று ஒரு யூதப் பையன் உன் லெம்பெர்க் பக்கம் கலீசியாவிலிருந்து வந்து வயலின் வாசித்தான். நான் சும்மா கேட்கத்தான் போனேன். மெல்லிய பகுதி வந்ததும் மேலேயிருந்து ஒரு சீட்டி, அப்புறம் பத்து சீட்டி. நான் பயப்படவில்லை தெரியுமா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் பழைய வித்தை அது: உன் ஆள் மேலே வர வேண்டுமென்றால் அவனுக்கு எதிராக நாலு பேரைக் கொஞ்சம் சீட்டியடிக்க வை, உடனே கீழே தனி இருக்கைப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும் கனவான்களுக்கு ரோஷம் வந்து, வெட்கம் வெட்கம் என்று கத்தி, கை சிவக்கத் தட்டுவார்கள். அதை எத்தனை தடவை செய்து பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் தப்பியதில்லை. அதனால் கீழே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவர் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் படித்தார். ஒரு அம்மாள் கையுறையின் பொத்தானைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். ஒருவர்கூடத் தட்டவில்லை. பையன் வாசித்து முடித்து, தலை குனிந்துவிட்டு, வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அந்த மௌனத்தை நான் இந்த ஊரில் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கு உண்மையாகப் பயம் வந்தது அப்போதுதான்.

கையுறைப் பொத்தான் போட்ட அம்மாள் வேறு யாருமில்லை, நம் ஸைடல் சீமாட்டிதான். அரண்மனை ஆலோசகர் மனைவி, புதுக் கலையென்றால் உயிர், மார்க்கெட் பக்கத்தில் கூரைமேல் தங்க முட்டைக்கோஸ் போலக் கோபுரம் வைத்துக் கட்டிய கண்காட்சிக் கூடத்தில் அவளைப் பார்க்காத வாரமில்லை. அந்த ரோஸ்னர் பையனுக்கு வீட்டில் கூப்பிட்டுக் காப்பியும் கேக்கும் கொடுத்தவளும் அவள்தான். அம்மா துணி கொண்டுபோன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஏன் சீமாட்டி தட்டவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டாள். அதற்கு, “அன்னிக்கு எனக்கு ஒரே தலைவலி, பர்போரா. அதோட நாம ஏதாவது செஞ்சா விஷயம் பெரிசாயிடும். தானா அடங்கிடும் பாரு. கலைக்கும் இந்த மாதிரி ஆளுங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாளாம். அப்புறம், ஆத்மாவின் ஆழம் என்று ஒரு புதுப் படத்தைக் காட்டினாளாம். அம்மாவுக்கு அதில் ஒரு பெண்ணும் நிறையத் தலைமுடியும் மட்டும்தான் தெரிந்தது, இந்த முடியைச் சீவிவிட யாருமில்லையா என்று கேட்டிருக்கிறாள். புது நூற்றாண்டு இந்த வருஷம் பிறந்ததா அடுத்த வருஷம்தான் பிறக்குமா என்று அந்த வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது. எந்த நூற்றாண்டாக இருந்தாலும் மேஜைவிரிப்பில் அதே ஒயின் கறைதான் என்கிறாள் அம்மா.

இப்போது உன் விஷயம். சுவரில் விளம்பரம் ஒட்டிய அன்றே ட்ராக்ஸ்லர் என்னைக் கூப்பிட்டார். லுட்மிலா ப்ரொகேஷோவா என்று உன் முழுப் பேரைச் செக் முறையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நான் எதிர்த் தெருவில் நின்று பார்த்தேன், ரொம்ப நேரம் பார்த்தேன். அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. “உம்ம பொண்ணாமே? நல்லாப் பாடுவாளாம், சந்தோஷம். அவமேல எங்களுக்கு என்ன வருத்தம்? சீட்டியடிக்க எங்களுக்கு ஒரு செக் பேர் வேணும், அவ்வளவுதான். பேரை மாத்திட்டா நாங்க வேற பேரைத் தேடிக்கறோம்” என்றார். மில்லி ப்ரோக் என்று ஜெர்மன்காரி மாதிரி போட்டால் நன்றாக இருக்குமாம். மாற்றாவிட்டால் சீட்டியை நானே முன்னின்று நடத்த வேண்டுமாம், “பெத்தவன் கையால நடந்தா பொண்ணுக்கு அவ்வளவா வலிக்காது பாரும்” என்றார். நான் மார்பை நிமிர்த்தி ஏதோ சொன்னேன் என்று நினைக்காதே. பொய்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டி, இதை வைத்துக்கொண்டு சீட்டியடிக்க வராது எஜமான் என்றேன். அவரும் சரி பாவம் என்று விட்டுவிட்டார். வேலை பெபி ஹோலுப்புக்குப் போனது.

பெபி, என் வலது கையாக இருந்தவன், நீ தவழும்போது உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவன். மறுநாளே வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த மாவு உருண்டைகளை முட்டைக்கோஸோடு வயிறு முட்டத் தின்றுவிட்டு, “மேஸ்திரி, கோச்சுக்காதீங்க, எனக்கும் நாலு பிள்ளைங்க இருக்கு. முதல் பாட்டுல மீலா உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடி சீட்டி அடிக்கணுமா, இறங்கினப்புறமா? இறங்கினப்புறம்னா அவ குரலுக்குக் கெடுதல் வராதேன்னு கேக்கறேன்” என்றான். கடவுள் சத்தியமாக, உன்மேல் அக்கறையோடுதான் கேட்டான். அதைவிட வெட்கம் என்னவென்றால், நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், இத்தனை வருஷப் பழக்கம். அதற்குள் அம்மா அவன் தட்டைப் பிடுங்கி, அவனையும் பிடித்து வாசலுக்குத் தள்ளி, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி செக் மொழியிலேயே திட்டினாள். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பேரை மாற்றுவதா, வராமலே இருப்பதா என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும், நான் சொல்ல மாட்டேன். வாட்ஸ்லாவ் என்று செக் பேரில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டு வென்ட்செல் என்று ஜெர்மன் பேரில் கையெழுத்துப் போடுகிறவன் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அம்மா என்ன நினைக்கிறாள் என்று கேட்டால், பேரை மாற்றினால் மில்லி ப்ரோக் யாரென்று தனக்குத் தெரியாதாம், அவளுக்குப் படுக்கை விரிக்க மாட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு உன் தலையணைக்குப் புது உறை தைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால், அதே பேரோடு வந்தால், ஒரு விஷயத்தில் மட்டும் உன் சொல்லை மீறப் போகிறேன். அனுமதி கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன். நான் தட்டுவேன். ஆட்கள் யாரும் என்னோடு இருக்க மாட்டார்கள், இனி என் பேச்சைக் கேட்க ஆளில்லை. நிறைந்த மண்டபத்தில் ஒருவன் மட்டும் தட்டினால் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது, அப்படித் தட்டின பையன்களை நானே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். உனக்கு அவமானமாக இருக்கலாம். பொறுத்துக்கொள். பெபி நாலு தட்டுத் தட்டுவான் என்று சொல்ல மாட்டேன், ஸைடல் சீமாட்டிக்குத் தலைவலி இராது என்றும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. அம்மா குடையைக் கொண்டுவருவேன் என்கிறாள், அதை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

மாதா உன் குரலையும் உன்னையும் காப்பாற்றட்டும், பயணத்தில் நல்லவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்காராதே, கம்பளிச் சால்வையைக் கழுத்தோடு சுற்றிக்கொள், குளிர்ந்த பீர் வேண்டாம். இன்னொன்று, இது அப்பனாகச் சொல்வதல்ல, மேஸ்திரியாகச் சொல்வது, மறந்துவிடாதே. பாட்டு முடிந்ததும் சீட்டி கேட்டால் உடனே தலை குனிந்து உள்ளே போய்விடாதே. ஒருவன் தட்ட ஆரம்பித்து இரண்டாவது ஆள் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அவனுக்குக் கொடு, அங்கேயே நில்.

உன் அன்பு அப்பா,
வாட்ஸ்லாவ் ப்ரொகேஷ்