அடையிலிருந்து பிடித்த முராய்

ஜார்ஜ் டவுன்
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள டேரில்,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். பெர்த்தில் குளிர் என்றாய், பசியாறாமல் வேலைக்குப் போகாதே. போனில் பேசினால் நீ என் மனத்தை மாற்றிவிடுவாய். அதனால் எழுதி, படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுதும் படி.

பாட்டுக்காக நீ வளர்த்து இங்கே விட்டுப்போன ஆண் முராய்க் குருவிக்கு ஜோடியாக, உன் கூட்டாளி டெஸ்மண்ட் திங்கட்கிழமை ஒரு பெட்டையைக் கொண்டு வந்தான். கூண்டில் பிறந்தது என்றுதான் நீ சொல்லியிருந்தாய். இரண்டு நாள் எதையும் தின்னவில்லை. கம்பியில் மோதி மோதி அலகுக்கு மேல் ரத்தம். மஞ்சள் தடவக் கையில் பிடித்தேன். வயிற்றில் இறகு இல்லை. ஒரு வட்டம். வெறும் தோல், சூடாக. நோய் என்று பயந்து டெஸ்மண்டைக் கூப்பிட்டேன். சிரித்தான். "ஆன்ட்டி, சீக்கு இல்ல லா. முட்டை மேல உக்காந்திருந்த பொட்டை. அடைகாக்கிறப்ப அப்படித்தான் கொட்டிரும். நல்ல சாமான், குஞ்சு பொரிக்கும், கேரண்டி" என்றான். முட்டை எங்கே என்று கேட்டேன். "காட்டுலதான், வேற எங்க" என்றான்.

வீட்டில் குஞ்சு பொரித்தால் காட்டில் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. முதல் ஜோடி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவே இல்லை, அது என் தப்பு. அப்பா, "வந்தது வந்துருச்சு எவ்லின், இப்ப விட்டா மட்டும் அந்த முட்டை பொரிக்கவா போவுது, பையன் ஆசைப்பட்டுட்டான்" என்றார். முட்டை குளிர்ந்துதான் போயிருக்கும். அதற்காக அடுத்த முட்டையை நம் கூண்டில் இடச் சொல்வதா?

நேற்று அந்தப் பெட்டையை வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். யாருடையது என்று அங்கிருந்த அதிகாரி நூர் ஃபாத்திஹா கேட்டார். என் வீட்டில் இருந்தது என்று என் பெயரை எழுதினேன். டெஸ்மண்ட் பெயரையும் மறைக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். போவேன். சிறகில் காயம் இல்லை, பிடித்த இடம் தெரிந்தால் அங்கேயே விடலாம் என்றார். டெஸ்மண்ட் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான். "டேரில் போட்ட பிளான் எல்லாம் கெடுத்துட்டீங்க ஆன்ட்டி" என்று கத்துகிறான். கெடுத்துவிட்டேன்தான். காட்டில் பிடித்த எதுவும் இனி இந்த வீட்டுக்குள் வராது. உன் ஆண் எங்கே பிறந்தது என்பதையும் இந்த முறை உள்ளபடி சொல்.

உன்னிடம் டெஸ்மண்ட் மறைக்க மாட்டான். எந்தக் காடு, எந்தப் பக்கம் என்று இன்றே கேட்டு அனுப்பு. என் மேல் கோபம் இருந்தால் அதற்குப் பிறகு கோபப்படு.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா,
எவ்லின்