மட்கார்டில் பூசிய சேறு

எதிர்வீட்டு வாசலில் காலையிலிருந்து ஒரே மண்ணெண்ணெய் வாடை. குரங்கணி மலைக்கு மேலே வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்காக அந்த வீட்டுத் தம்பி ஒரு வண்டி வாங்கியிருக்கிறார். கூரை கிடையாது, கதவு கிடையாது. நாலு குண்டுச் சக்கரம், மேலே மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி ஒரு சீட்டு, அவ்வளவுதான். மழையில் மலைக்குப் போய்விட்டு, சகதியில் புரண்ட எருமையாய் வந்து நிற்கிறது. காய்ந்த சேற்றை அவர் தகரத்தை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சுரண்டாதீங்க தம்பி, தண்ணிய ஊத்தி ஊற விடுங்க, பெயிண்டு போயிரும் என்று இங்கிருந்தே கத்தினேன். கத்தின பிறகுதான் அது நம்ம ஜீப்பைக் கழுவும்போது நீங்க சொல்ற வார்த்தை என்று உறைத்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவளுக்கு அப்புறம் ஒரு சோலியும் ஓடவில்லைங்க.

நமக்குக் கல்யாணமான எழுபதுகளில், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கெல்லாம் கறிக்குழம்பு, நமக்கு ஜீப்பு கழுவுறது. மற்ற ஆறு நாளும் விடியக்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துப் பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்குப் போவீங்க, பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவீங்க. ஞாயிற்றுக்கிழமை கொட்டகுடி ஆற்றில் கொண்டுபோய் நிறுத்தினால், அடியில் படுத்துக் கிரீசும் அழுக்கும் வழிக்கிறது உங்க வேலை, மேலே கழுவுறது என் வேலை. துவைக்க வந்தவளுகள் சும்மா இருப்பாளுகளா? புருசனை விட்டுட்டு ஜீப்பைக் கட்டிக்கிட்டியாடி என்பாளுகள். நீங்க அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, அவ தேய்ச்சாத்தான் அதுக்கும் பிடிக்குது என்பீங்க. எனக்கு வெட்கமாக இருக்கும். என் கன்னத்தில் வேண்டுமென்றே கிரீசைத் தடவிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்த ஆளுதானே நீங்க. வழியெல்லாம் சிரித்தார்கள்.

உங்களுக்கு அந்த வண்டியில் கர்வம் உண்டு. அடுத்தவன் ஜீப்பு எப்படி வேணா இருக்கட்டும், நம்ம ஜீப்புல ஏறி இறங்குற பொம்பளை சேலையில கறை படக்கூடாது என்பீங்க. அப்படிப்பட்ட மனுசன், எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாசம், உனக்கு இடுப்பு வலி வந்துரும், நீ வராத, நானே கழுவிக்கிறேன் என்று தனியாகக் கிளம்பினீங்க. அக்கறை என்று நினைத்தேன். பிறகு வாரா வாரம் இதே கதையாகிப் போனதும், ஆற்றங்கரையில் வேறு யாரையும் பார்க்கப் போறீங்களோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சிரிக்காதீங்க. கழுவப் போன வண்டி இடது பக்க மட்கார்டில் சேற்றோடு திரும்பி வந்தால் பெண்டாட்டி வேறென்ன நினைப்பாள்? கேட்டதற்கு, வர்ற வழியில் தெறித்தது என்றீங்க.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. நீங்க பொரிகடலையும் பூவும் பூசணிக்காயும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தீங்க. சேறு அப்பின வண்டிக்கு எப்படிச் சந்தனம் வைப்பது? ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் மட்கார்டில் ஊற்றினேன். ஊற்றும்போதுதான் கவனித்தேன். மலைச் சேறு தெறித்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். இது சாணி போட்டு மெழுகின மாதிரி, விரல் தடத்தோடு இருந்தது. ஆற்றுக் களிமண். ஊறி வழிந்ததும் உள்ளே நீள நீளமாகக் கீறல், பழசும் புதுசுமாக. ஒரு இடத்தில் பெயிண்டு முழுக்கப் போய்த் தகரம் நெளிந்திருந்தது. கீறலில் பாசி ஒட்டியிருந்தது. கீறல் இல்லாத இடத்தில் மொத்தையாகச் சேற்றை அப்பிவிட்டு, ஒரு கீறலின் பாதியை மூடாமலே விட்டிருந்தீங்க. மறைக்கிறவர் கண்ணுக்கே அது தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

பையோடு வந்து நின்றீங்க. கேட்டேன். மெட்டுல மஞ்சு மூட்டமா இறங்கிருச்சு, பாறை தெரியல என்றீங்க. மஞ்சு தினமுமா இறங்கும் என்றேன். மட்கார்டை ஒரு கையால் தடவிக்கொண்டே சொன்னீங்க.

"நேரா இருக்கறது தெரியுது புள்ள. ஓரத்துல இருக்கறது தெரியல."

பள்ளத்துக்குப் பயந்து, ஒவ்வொரு வளைவிலும் பாறையில் உரசுகிற அளவுக்கு ஒதுக்கி ஓட்டியிருக்கீங்க. உள்ளே அத்தனை பேர். மேலத்தெருக்காரி ஒருத்தி, அந்த மாசம் பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வந்தாள். எனக்கு அவள் முகம்தான் வந்தது. சத்தம் போடணும் போல இருந்தது, போடவில்லை.

"நாளைக்கு நான் வர்றேன். என்னைய ஓரமா உக்கார வச்சு மெட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அப்புறம் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

பையைப் பானட்டின் மேல் வைத்தீங்க. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் ஈரக் கையில் வைத்து, "வேணாம்" என்றீங்க. அத்தோடு சரி, அப்புறம் நீங்க ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அத்தனை பொம்பளைகளையும் ஏற்றிப் போன மனுசனுக்கு என்னை ஏற்ற மட்டும் மனசு வரலையா என்று நாக்கு வரைக்கும் வந்தது. உங்க மூஞ்சியைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஆனாலும் நான் நினைத்தது உங்களுக்குப் புரிந்துவிட்டது. கீறல் மேலேயே சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்துப் பூஜையை முடித்தோம்.

மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார்கள். தீபாவளி கழித்து வண்டியை விற்றோம். பெண்டாட்டிக்குப் பயந்து ஜீப்பை வித்துட்டான் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன். கண் தெரியாமல் ஓட்டினான் என்பதற்கு இது தேவலை. நீங்களும் ஆமா, அவளுக்குப் பயம் என்று சொல்லி வைத்தீங்க. ஆனால் அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கமே நீங்க வரவில்லை. விடியக்காலையில் மெட்டுக்குப் போகிற ஜீப்புகள் ரோட்டில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வீங்க. எனக்கு அது தெரியாது என்று நினைத்திருப்பீங்க. உங்களிடமிருந்து மலையைப் பிடுங்கினது நான்தான். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

எண்பதுகள் முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து நீங்களும் போயிட்டீங்க. அன்றைக்குத் தோட்டத்துப் பொம்பளைகள் யாரும் வேலைக்குப் போகவில்லை. மேலத்தெருக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அண்ணே வண்டியில ஏறினா நாங்க தூங்கிட்டே போவோம் மதினி" என்றாள். எனக்கு அழுகை நின்றுபோச்சு. ஆமாத்தா என்று மட்டும் சொன்னேன்.

நான் செய்தது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னால் இறக்கி வைக்க முடியாதது வேறு ஒன்று. அன்றைக்கு நீங்க சாவியைக் கொடுக்காமல், சரி ஏறு புள்ள என்று சொல்லியிருந்தால், அத்தனையும் தெரிந்த பிறகும் நான் ஏறி உட்கார்ந்திருப்பேங்க.