எங்கள் பால்கனிக்கு எதிரே ஓர் அறை

மகாராணி மருமகளே,

எங்கள் கிரேக்க ஊரான தெசலோனிகியில் எந்தப் பகுதி, எந்த ஓட்டல் நல்லது என்று கேட்டிருக்கிறாய். துறைமுகத்தை ஒட்டிய லாதாதிகா பகுதியின் இரவுப் பாட்டுக்குக் கடல்மீன்களே காது பொத்தக் கையில்லையே என்று அழுகின்றன. மேட்டிலிருக்கும் ஆனோ போலிக்கு ஏறி முடிப்பதற்குள் உன் புருஷனுக்குத் தாடி நரைத்துவிடும்.

நீ வருகிறாய் என்றதுமே உன் அத்தை மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். "அவ ஓட்டல்ல தங்கினா என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "யோவ் கிழவா, நாம என்ன செத்தா போயிட்டோம்?" என்று கரண்டியை ஓங்கினாள். ஏழு கடலையும் வாயாலேயே கடந்த நான், தலையணைகளையும் வெயிலில் போட எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இதற்கு மேலும் ஓட்டல்தான் வேண்டுமென்றால், கலமரியாவில் எங்கள் தெருவிலேயே ஓர் ஓட்டல் இருக்கிறது, அதிலேயே தங்கு.

தெருப்பக்க அறை மட்டும் வேண்டாம். எதிரே எங்கள் பால்கனியில், உனக்காகத் துவைத்த போர்வை காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன மாமா