போலந்திலிருந்து வந்த எண்கள்

மஞ்சக்குட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் ஆண்டனி ராஜுக்கு அம்மா மரியசெல்வி எழுதுவது. அந்தக் குளிரிலும் இரவு வேலையிலும் ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

நேற்று ஏற்காடு படிப்பு மையத்தில் இருந்தவர்கள்: மையத்தைக் கவனிக்கும் இளவரசி டீச்சர், என்னோடு பி.ஏ. படிக்கும் சசிரேகா, நான். மூன்றே பேர். மழையால் மற்றவர்கள் வரவில்லை. ஜீப் கிடைக்காமல் நானும் பாதி தூரம் நடந்துதான் போனேன். மாலை ஐந்து மணி கடைசிக் கெடு.

கட்டுரையைப் போன மாதமே இணையத்தில் ஏற்றிவிட்டேன். இப்போது வேறொரு மாணவரின் கட்டுரையைப் படித்துக் குறைநிறை எழுதி மதிப்பெண் போட வேண்டும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதைச் செய்யாவிட்டால் நம் கட்டுரைக்கும் மதிப்பெண் கிடையாது. எனக்கு வந்தது சந்தையில் கடை போடும் பெண்கள் பற்றியது. மூன்று முறை படித்துப் பத்துக்கு ஏழு என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

நீ என்னைச் சேர்த்துவிட்டபோது என்னிடம் போன் இல்லை, உன் நம்பரைக் கொடுத்தாய்; பிறகு போன் வாங்கியும் நான் அதை மாற்றவில்லை. அதனால் உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் ஆறு இலக்க எண் உனக்கு வரும், நீ எனக்கு அனுப்புவாய். நேற்று இரண்டரைக்குக் கேட்டேன். மூன்றுக்கும் கேட்டேன். நீ பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது, எண் வரவில்லை. சசிரேகா, “ஏனுங்க அக்கா, போலந்துல இருந்து நம்பரு நடந்தே வருதுங்களா?” என்றாள். நானும் சிரித்துவைத்தேன். நாலரைக்கு அவளும் சிரிக்கவில்லை.

இளவரசி டீச்சர், “இன்னும் காத்திருந்தா வருசம் போயிருமுங்க. உங்க நம்பரையே மாத்திப் போட்டுறேனுங்க” என்றார். ஜூனிலேயே கேட்டவர்தான், அப்போது நான் வேண்டாமென்று மறுத்தேன். நேற்றுத் தலையாட்டினேன். எண் என் போனுக்கே வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடித்தேன்.

என் கட்டுரையையும் யாரோ படித்திருக்கிறார். ஒரு வீட்டுப் பெண்ணின் ஒரு நாளை மணி வாரியாக எழுதியிருந்தேன். “பத்திலிருந்து நாலு வரை இவர் யாரிடமும் பேசவில்லையே, எழுத விட்டுப்போனதா?” என்று கேட்டிருக்கிறார். பதிலுக்கான கட்டத்தில், “விட்டுப்போகவில்லை” என்று எழுதிவிட்டு வந்தேன். வேறென்ன எழுதுவது? காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால் பக்கத்து வீட்டாரும் எஸ்டேட்டிலிருந்து இருட்டித்தான் திரும்புகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும் கண்ணு. இந்த நாலு மாதத்தில் நீ பதினொரு முறை எண் அனுப்பியிருக்கிறாய். தேதியோடு நோட்டில் இருக்கிறது. படிப்புக்குத் தேவைப்பட்டவை நாலுதான். மற்ற ஏழும் நானாக வெளியே வந்து, வேண்டுமென்றே மறுபடி நுழைந்தது. எண் வந்தால் நீ சுகமாக இருக்கிறாய் என்று அர்த்தம். ஒருமுறை எண்ணுக்குக் கீழே, “சாப்டீங்களாம்மா” என்று கேட்டிருந்தாய். அந்த ஆசையில் மறுநாளும் நுழைந்தேன். அன்று எண் மட்டும் வந்தது.

இது தெரிந்துபோய் வெறுத்துவிட்டாயோ, இல்லை உடம்பு சரியில்லையோ என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர், “அதை உங்க பையன்கிட்டயே சொல்லிருங்கம்மா” என்றார். போனில் சொன்னால், “சரிம்மா, பரவால்ல” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். போய்ச் சேரப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகுமாம்.

இனிமேல் என் படிப்புக்கு உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உன்னிடம் எதையும் கேட்கக் காரணமும் இல்லை. கோபமிருந்தால் திட்டியாவது எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மாதா உன் பக்கத்திலேயே இருப்பாராக. இது கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு சாமி.

உன் அம்மா,
ம. மரியசெல்வி