படகுக்காரி மூழ்கினாளா?

என் செல்ல வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாமும் எல்லாரும் நலம். நீயும் நலம் என்றுதான் போனில் சொன்னாய், குரல் அப்படிச் சொல்லவில்லை. போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதில் குறுக்கே பேச முடியாது பார்.

தையல் கடையில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிச் சீருடைக் காலம், துணி வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்துவிட்டது. அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் என் மகள் வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறாள் என்று ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் ஒரு வீட்டில் பழைய கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டுவிட்டு, உன் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, புதியதை மாட்டாமலே வந்துவிட்டார். அந்த வீட்டு அம்மாள் போன் செய்து, கதை நல்லாத்தான் இருந்துச்சு, பால்தான் கெட்டுப்போச்சு என்றாளாம்.

உன் சித்தப்பா ஞாயிறு தவறாமல் வருகிறார். பல் டாக்டரிடம் வேலை செய்து நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கவைக்கிற மனிதர், இங்கே வந்து தன் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. உங்கள் கம்பெனியின் அந்தக் கோட்டை கேமை முதல் பாகம் வந்த நாளிலிருந்து ஆடுகிறவர் இல்லையா, மூலக்கதைக்குத் தான்தான் வாரிசு என்று நினைப்பு. நாங்கள் அடித்த கூத்து உனக்குத் தெரியாது. நீ எழுதிய படகுக்காரி கேமைத்தான் நாங்கள் முதலில் ஆடி முடித்தோம், அது கோட்டை கேமிலிருந்து பிரிந்த கிளைக்கதை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பிறகு சித்தப்பா கொடுத்த கோட்டை மூன்றாம் பாகத்தை அப்பா ஆரம்பித்தால், அதில் ஒரு காவல்காரன் போகிற போக்கில், படகுக்காரி வெள்ளத்தோடு போய்விட்டாள் என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறான். அப்பா உங்கள் கம்பெனியின் உதவி எண்ணுக்கே போன் போட்டு, மூணாவது பாகத்துல ஒரு தப்பு இருக்கு, அந்தம்மா கரைக்கு வந்து சேர்ந்ததை நானே பார்த்தேன், திருத்திடுங்க என்று புகார் கொடுத்துவிட்டார். போனை எடுத்த பெண்ணும் பொறுமையாகக் குறித்துக்கொண்டாளாம். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணே, மூலத்துல செத்தவ செத்தவதான், பாசத்துக்காகக் கதையை மாத்த முடியுமா என்றார். எங்கேயோ கோட்டை வாசல்ல நின்னவன் சொல்றது மூலம், படகுலயே கூடப் போன நான் சொல்றது கிளையா என்று அப்பா விடவில்லை. இரண்டு பேருக்கும் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் உன் போன் வந்தது. எந்தெந்தக் கிளைக்கதைகள் மூலத்தில் சேர்த்தி என்று கம்பெனி முடிவு செய்கிறது, கடைசிக் காட்சியில் படகுக்காரியை மூழ்கவைத்தால் உன்னுடையதும் சேரும், இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். நான் என்னம்மா பண்றது என்று கேட்டு அழுதாய். விழுந்து முட்டி பெயர்ந்தபோதுகூட அழாத பிள்ளை நீ. அதற்குப் பதில்தான் இந்தக் காகிதம்.

உன் வேலையின் நெளிவுசுளிவு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படகுக்காரி கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடிக்கிறாளே, ஏறுகிறவனையெல்லாம் திட்டித் தீர்த்தும் ஒருவனைக்கூடக் கரையில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்கிறாளே, அதைப் பார்த்ததும் நான் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துக் கீழே வைத்தேன். கடையில் வெட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதுகிறாய் என்றல்லவா நினைத்திருந்தேன், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னை இத்தனை உற்று வேறு யாரும் பார்த்ததில்லை, பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது. நான் சொன்னால் தாய்ப்பாசம் என்பாய், சித்தப்பாவைக் கேள். முந்தாநாள் உன் கேமை ஆட முறைத்துக்கொண்டே உட்கார்ந்தவர், ஆடி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கணக்குல சேருமான்னா சேராது அண்ணி, ஆனா இனிமே அந்தக் காவல்காரன் சொல்றதை நான் நம்ப மாட்டேன் என்றார்.

நீ மாற்றினால் தப்பு என்று சொல்ல மாட்டேன், உன்னோடு உழைத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடும் கலந்து பேசு. பயந்துமட்டும் மாற்றாதே, வீம்புக்கும் மறுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, இதற்குக் கையால் எழுதிப் பதில் போடு. இன்னொன்று. புது முடிவு வந்தால் இன்டர்நெட் வழியாகத் தானாகவே இறங்கிப் பழையதை அழித்துவிடும் என்று சித்தப்பா சொன்னார். அப்பா உடனே எழுந்து போய் கேம் பெட்டியின் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டார். அதனால் நீ என்ன பதில் சொன்னாலும் இந்த வீட்டில் அவள் கரைசேர்ந்துவிடுவாள், நிம்மதியாக யோசி.

நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, வாய்த்துடுக்கும் குறையாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் மூழ்காத உன் அம்மா